இலை போட்டாச்சு

என் மாமனார் எங்களோடு வந்து தங்கிய புதிதில் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவே மாட்டார்.

அத்தை இறந்து காரியங்கள் முடிந்ததும், அம்பாசமுத்திரத்து ஜவுளிக்கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, என் கணவர் அவரைப் புனேவுக்கு அழைத்து வந்துவிட்டார். ஹடப்சரில் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. கணவருக்குத் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கம்பெனி பஸ்ஸில் விடிவதற்கு முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். எனக்கு மகர்பட்டாவில் ஆபீஸ். ஸ்கூட்டரில் பக்கம்தான், ஆனால் நடுவில் வீட்டுக்கு வந்து போக முடியாது. மகள் பெங்களூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை வீட்டில் அவர் மட்டும்தான்.

நான் காலையிலேயே சோறும் குழம்பும் ஒரு கூட்டும் செய்து, ஹாட்பாக்ஸில் வைத்து, சாப்பாட்டு மேஜை மேல் தட்டையும் தம்ளரையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே ஆவி நீராகித் திரண்டு சோற்றின் மேல் சொட்டியிருக்கும்.

"ஏன் மாமா சாப்பிடல?"

"பசிக்கலம்மா."

ராத்திரி நாங்கள் மூவரும் உட்காரும்போது நன்றாகத்தான் சாப்பிடுவார். காலையில் நான் இட்லியை எடுத்து வைத்து "வாங்க மாமா" என்றால் வந்து சாப்பிடுவார். மத்தியானம் மட்டும் பசிக்காது. கொஞ்ச நாளில் சட்டைக் கழுத்து தொளதொளவென்று ஆகிவிட்டது. டாக்டரிடம் கூட்டிப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, மனைவி போன துக்கம், போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர்.

எனக்கு அது போதவில்லை. துக்கம் என்றால் மூன்று வேளையும் அல்லவா பசிக்காமல் இருக்க வேண்டும்? என் சமையல்தான் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். புனேவில் நாங்கள் சாப்பிடுவது மெல்லிய பச்சரிசி. அவருக்குப் புழுங்கலரிசி பழக்கம். ராஸ்தா பேட்டையில் நம்மூர்ச் சாமான் விற்கிற கடைக்குப் போய்ப் புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் மாவடுவும் வாங்கி வந்தேன். சொதி வைத்தேன். சின்ன உள்ளி தீயல் வைத்தேன். அத்தை வைக்கிற மாதிரியே தேங்காயைக் கருகாமல் வறுத்து அரைத்தேன். எல்லாம் சாயங்காலம் அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொல்லிவிட்டேன். "உங்க அப்பாவுக்கு என் கைச் சாப்பாடு பிடிக்கல. நேரா சொல்லவும் மாட்டேங்காரு."

"ராத்திரி சாப்பிடுதாரே, அதுவும் உன் கைச் சாப்பாடுதானே?"

"நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு சாப்பிடுதாரு."

 கணவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் சாப்பாடு அப்படித்தான் நடந்தது. நான் அடுப்படி மேடையில் சாய்ந்து நின்றபடியே சாப்பிடுவேன். அவர் டிவி முன்னால் சாப்பிடுவார். மாமனார் வந்த பிறகுதான் ராத்திரிக்கு மட்டும் மேஜையில் சேர்ந்து உட்காரும் வழக்கம் வந்தது. அதையும் பெரிய விஷயமாக நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

எதிர் வீட்டில் ஒரு மராத்தி அம்மாள் தனியாக இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அந்த மாடியில் எல்லோருக்கும் அவர் காகூ, அதாவது சித்தி. லிஃப்ட்டில் பார்த்தால் வணக்கம் சொல்வதற்கு முன் "ஜேவண் ஜாலம் கா?", சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பார். பதினோரு மணிக்கும் கேட்பார், நாலு மணிக்கும் கேட்பார். ஆயிற்று என்றாலும் ஆகவில்லை என்றாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே காகூ கதவைத் திறந்தார். ஹிந்தியும் மராத்தியுமாகச் சொன்னார்: "இன்றைக்கு உன் மாமனார் என் வீட்டில் சாப்பிட்டார். பூரண்போளி செய்தேன். தனியாக எப்படித் தின்பது? மணி அடித்துக் கூப்பிட்டேன். மூன்று போளி சாப்பிட்டார், வரண்-பாத் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். பேச்சுதான் இல்லை."

வரண் என்பது வேகவைத்த பருப்பில் வெல்லமும் நெய்யும் விட்டது. பாத் சோறு. எங்கள் ஊர்க்காரர் வெல்லம் போட்ட பருப்பை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார் என்பதை நம்பவே முடியவில்லை. வீட்டுக்குள் வந்தால் என் ஹாட்பாக்ஸ் மூடியபடி இருந்தது. அன்றைக்கு அவியல் வைத்திருந்தேன். சத்தியமாக அழுகை வந்தது.

மாமனார் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"காகூ வீட்டுச் சாப்பாடு நல்லாருந்துச்சா மாமா?"

"எங்க. பருப்புல வெல்லத்தப் போட்டிருக்காவ. நம்ம வாய்க்கு ஒத்து வருமா?"

"மூணு போளி சாப்பிட்டீங்களாமே."

"ஆமா."

"பிடிக்காமலா சாப்பிட்டீங்க?"

அவர் தம்ளரை டவராவுக்குள் வைத்தார்.  பிறகு, எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி சொன்னார்:

"கூப்பிட்டாவல்லா."

எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவரே மேலே சொன்னார். "பெல்ல அடிச்சாவ. கதவத் தொறந்தேன். என்னமோ பான் பான்னு சொன்னாவ. என்னடா இது, சாப்பாட்டுக்கு முன்னாலயே வெத்தலை குடுக்காவளேன்னு நெனச்சேன். மறுத்தா நல்லாருக்காதுன்னு போனேன். போனா தட்டுல எல்லாம் போட்டு வச்சிருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

உடனே எதிர் வீட்டுக்குப் போய்க் காகூவிடம் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "வேறென்ன சொல்வது? சலா காகா, பான் வாட்லய் என்றேன்" என்றார். காகா என்றால் மராத்தியில் சித்தப்பா, பான் என்றால் இலை. இலையில் பரிமாறியாயிற்று, வாருங்கள் என்று அர்த்தம். எவர்சில்வர் தட்டில் பரிமாறினாலும் அவர்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

வாசல் படியில் நின்றபடியே எனக்கு அம்பாசமுத்திரத்து வீடு ஞாபகத்துக்கு வந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. கல்யாணமான புதிதில் அங்கே தங்கியிருந்தபோது ஒவ்வொரு மத்தியானமும் பார்த்திருக்கிறேன். அத்தை சமையலை முடித்து, தட்டு வைத்து, தண்ணீர் வைத்து, அந்தத் திரைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். திரையை விலக்க மாட்டார். மாமாவின் பெயரைச் சொல்ல மாட்டார், "என்னங்க" என்றுகூடச் சொல்ல மாட்டார். தரையைப் பார்த்தபடி, "இலை போட்டாச்சு" என்பார். அந்தப் பக்கம் துணி கிழிக்கிற சத்தம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மாமா கை கழுவிவிட்டு வந்து உட்காருவார். தட்டில் சாப்பிட்டுவிட்டு எதற்கு இலை என்கிறார்கள் என்று அப்போது நான் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவருக்கு அது காதில் விழுந்ததே இல்லை போலிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் யாருக்குக் காதில் விழும்?

மறுநாள் ஆபீஸில் மணி ஒன்று ஆகும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மணிக்கு மாடிப்படிப் பக்கம் போய் வீட்டுக்கு போன் செய்தேன். அவர் எடுத்தார்.

"என்னம்மா, எதாவது மறந்துட்டியா?"

சாப்பிட வாங்க என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். நான் மகர்பட்டாவில் இருந்துகொண்டு எங்கே வரச் சொல்வது? ஒரு நிமிடம் தடுமாறினேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"மாமா, இலை போட்டாச்சு."

 லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். "சரிம்மா" என்றார். வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஹாட்பாக்ஸ் காலியாக இருந்தது. தட்டைக் கழுவி மேடையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு வேலை நாள் ஒன்றுகூட விடாமல் அந்த போன் நடந்தது. இரண்டே சொல். சில நாள் "சரிம்மா", சில நாள் "ம்". நாங்கள் வேறெதுவும் பேசிக்கொள்ள மாட்டோம். என் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த மராத்திப் பெண் ஒருநாள் கேட்டேவிட்டாள், தினமும் ஒரு மணிக்கு யாரிடம் இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறாய் என்று. சொன்னேன்.

"அப்படியானால் வீட்டில் பரிமாறுவது யார்?"

"யாருமில்லை. அவரே போட்டுக்கொள்வார்."

"பிறகு எதற்கு நீ கூப்பிட வேண்டும்?"

 அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதே பேச்சாகப் போயிற்று. அவளுடைய மாமியாருக்குத் தனியாக டீ குடிக்கத் தெரியாதாம். எதிரே இன்னொரு கப்பும் வேண்டும், அதில் இருப்பதை யாரும் குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. நாக்பூர்க்காரப் பையன் ஒருவன், தன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகுதான் அம்மா ரொட்டிக்கல்லை அடுப்பில் போடுவாள் என்றான். கராடியிலிருந்து வரும் சென்னைக்காரர் ஒருவர், கடைசியில் ஒரு கை மோர்ச்சோறு சாப்பிடாமல் எழுந்தால் அன்று முழுவதும் எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும் என்றார். எல்லோரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினோம். ருசியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை என்பது சீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குத் தோன்றியது.

ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு நடந்த கூட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. வெளியே வரும்போது மூன்று மணி. ஓடிப்போய் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். சாப்பிட்டிருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க என்ன சின்னப் பிள்ளையா மாமா? மணியப் பாத்து எடுத்துப் போட்டுச் சாப்பிடக் கூடாதா? எனக்கு மீட்டிங் இருக்காதா?"

"நீ கோவப்படாதம்மா. இப்பம் சாப்பிடுதேன்" என்றார்.

சாயங்காலம் நான் பேசாமல் காப்பியைக் கொண்டுவந்து வைத்தேன். அவரும் பேசாமல் ஆற்றினார். வெயில் தணிந்து எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிகள் மங்கிக்கொண்டிருந்தன. அவராகவே ஆரம்பித்தார்.

"நான் பொறந்த ஊர்ல பள்ளிக்கூடம் அஞ்சாங்கிளாஸோட சரி. ஆறாங்கிளாஸுக்கு என்னைச் சித்தப்பா வீட்டுல கொண்டு விட்டாவ. அங்க ஏழெட்டுப் பிள்ளைக. எல்லாரையும் கூப்பிட்டுத்தான் சோறு போடுவா சித்தி. ஒருநா மத்தியானம் எனக்குப் பசி தாங்கல. அடுப்படியில யாரும் இல்ல. நானே போயி பானையிலேருந்து எடுத்துத் தின்னுட்டேன்."

"அடிச்சாங்களா?"

"அடிக்கல. வையவும் இல்ல. அன்னைக்கு ராத்திரி எல்லாப் பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டா. என்னை மட்டும் கூப்பிடல. நான் வாசல்லயே உக்காந்திருந்தேன். பெறவு வந்து, 'நீதான் எடுத்துத் தின்னுக்கிடுவியே, உன்னைய எதுக்குக் கூப்பிடணும்'னா. அவ்வளவுதான் சொன்னா."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அதுலேருந்து நானா எடுத்துத் தின்னா களவாண்டு திங்க மாதிரியே இருக்கும்மா. இந்த வயசுல இது கோட்டித்தனம்னு எனக்கே தெரியுது. பசி இருக்கு. கை போவ மாட்டேங்கு."

"அத்தைக்கு இது தெரியுமா?"

"கல்யாணம் ஆன புதுசுல சொன்னேன். கேட்டா. ஒண்ணும் சொல்லல. மறுநாள்லேருந்து திரைக்கிட்ட வந்து நின்னா." காலித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "பிரசவத்துக்கு அவ அம்மா வீட்டுக்குப் போனப்பக்கூட, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லி வச்சிட்டுத்தான் போனா. அந்த அக்கா சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து சத்தம் குடுப்பா."

அத்தையை நான் கூச்சமுள்ள, பழைய கால மனுஷி என்றுதான் நினைத்திருந்தேன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதற்காகச் சுற்றி வளைத்துப் பேசுகிறார் என்று. அந்தத் திரைக்குப் பக்கத்தில் அவர் எதைத் தெரிந்துகொண்டு நின்றார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கணவரிடம் சொன்னபோது அவரும் திகைத்துப் போனார். அவருக்கு அப்பா அதைச் சொன்னதே இல்லை.

அதன் பிறகு, கூட்டம் இருக்கிற நாட்களில் காகூவிடம் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தேன். ஒரு மணிக்கு அவர் மணியடித்து, தனக்குத் தெரிந்த தமிழில் "காகா, இல போட்டாச்" என்பார். இந்தப் பழக்கத்தில் அவர்கள் இருவருக்கும் ஒரு சிநேகம் உண்டாயிற்று. நாலு மணிக்குக் காகூ தன் டீயோடு எங்கள் பால்கனிக்கு வந்துவிடுவார். எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் தட்டிப் போட்ட டீ. அதைச் சாஸரில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார். மாமாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. மாமா தம்ளரை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்வார். காகூவுக்கு அது பயமாக இருக்கும், புரை ஏறிவிடும் என்பார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். "அந்தப் புல்லுக் காப்பி அம்மா இன்னைக்கு வரலியே" என்று ஏதாவது ஒருநாள் மாமா என்னைக் கேட்பார்.

விடுமுறைக்கு வந்திருந்தபோது மகள் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தமிழில் மரியாதைப் பன்மை வராது. அறை வாசலில் நின்று, "தாத்தா, எலை போட்டாச்சி, வா" என்பாள். மாமா அதற்கு ரொம்பச் சந்தோஷப்பட்டு எழுந்து வருவார். திருத்தப் போன என் கணவரைக் கையமர்த்திவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி வலி. கணவர் முதல் சில நாள் விடுப்பு எடுத்தார், பிறகு போயாக வேண்டியிருந்தது. காகூ அந்தச் சமயம் பார்த்து மும்பைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வெளியிலிருந்து சாப்பாடு வரவழைக்கலாம், ஆனால் எனக்கு வாசனையே ஆகவில்லை. ஒருநாள் மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சமையலறையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. எழுந்து போகத் தெம்பில்லை. மாமா தண்ணீர் குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து என் அறை வாசலில் ஆள் நிழல் தெரிந்தது.

திரையை விலக்காமல் வெளியே நின்றிருந்தார். வேட்டியின் கரையும் பாதங்களும் மட்டும் எனக்குத் தெரிந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இலை போட்டாச்சும்மா."

அவர் அடுப்புப் பற்ற வைத்தே நான் பார்த்ததில்லை. ஆயுசில் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாரா என்பதும் சந்தேகம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன். மேஜையில் ஒரு தட்டில் புழுங்கலரிசிக் கஞ்சி. சரியாகக் குழையவில்லை, நடுவில் அரிசி தனித்தனியாக நின்றது. பக்கத்தில் காகூ கொடுத்து வைத்திருந்த நிலக்கடலைப் பொடி. தண்ணீர் தம்ளர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தேன்.

"உப்பு பாரும்மா. எனக்கு அளவு தெரியல."

"சரியா இருக்கு மாமா."

எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "தெனம் எனக்கு போன் பண்ணுதியே, நீ எப்ப சாப்பிடுவ?"

பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு கையால் என்று எப்படிச் சொல்வது? "அப்பதான் மாமா" என்றேன்.

"யாரு கூப்பிடுவா?"

நான் குனிந்து கஞ்சியைக் குடித்தேன். குணமாகி ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகு, ஒரு மணிக்கு நான் போன் செய்ததும் "சரிம்மா" என்று வைத்துவிட மாட்டார். "நீயும் போயி உக்காரு" என்பார். மராத்திப் பெண்ணும் நானும் டப்பாக்களை எடுத்துக்கொண்டு அவள் மேஜையும் என் மேஜையும் அல்லாத ஓர் இடமாகப் பார்த்து உட்காருவோம். ஜன்னல் பக்கம் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கீழே மே மாதத்தில் குல்மொஹர் பூத்திருக்கும். பல வருடமாக அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தும் அந்த மரத்தை நான் அதற்கு முன் பார்த்திருக்கவில்லை.

அப்படியே சில வருடங்கள் போயின. இப்போது நினைத்தால் எங்கள் வீட்டின் நல்ல காலம் அதுதான் என்று தோன்றுகிறது. அப்போது அது ஒரு கால்கட்டு போலத்தான் இருந்தது. சினிமாவுக்குப் போனாலும் இடைவேளையில் போன், லோணாவளாவுக்கு ஆபீஸ் பிக்னிக் போனாலும் மழையில் ஒதுங்கி நின்று ஒரு போன்.

கடைசியில் ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மாமா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சில நாளிலேயே நினைவு தப்பிவிட்டது. மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகச் சத்துணவுக் கரைசல் விட்டார்கள். வேளாவேளைக்கு நர்ஸ் வந்து ஒரு பெரிய ஊசிக்குழலில் அதை எடுத்து மெதுவாக இறக்குவாள். முதல் தடவை பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை. குழாயைப் பார்த்தோ, கரைசலைப் பார்த்தோ இல்லை. யாரும் கூப்பிடாமலே அவருக்குள் சாப்பாடு போகிறதே என்றுதான். அடுத்த வேளைக்கு நர்ஸிடம், ஒரு நிமிடம் பொறு என்று ஹிந்தியில் சொன்னேன். குனிந்து அவர் காதருகில் அந்த இரண்டு சொல்லைச் சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நர்ஸ் மலையாளப் பெண். "இலை" அவளுக்கும் புரிந்திருக்கும்.  அடுத்தடுத்த வேளைகளில் கரைசலை எடுத்துக்கொண்டு வந்து, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். ராத்திரி வேளைக்கு என் இடத்தில் கணவர் அதைச் சொன்னார். முதலில் அவருக்கு அந்தச் சொல்லே வாயில் வரவில்லையாம். அது அம்மா சொல்வது அல்லவா என்றார்.

மாமா ஒரு காலை வேளையில் போனார். வைகுண்ட மயானத்தில் காரியத்தை முடித்துவிட்டு நாங்கள் வீடு திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டது. மகள் பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். லிஃப்ட் கதவு திறந்ததும் காகூ நின்றிருந்தார். கையில் வேப்பிலை. ஆளுக்கு ஒன்று கொடுத்து, மயானத்திலிருந்து வந்தால் இதை மெல்ல வேண்டும் என்றார். மென்று துப்பிவிட்டு, குளித்து வந்தோம்.

எங்கள் ஊரில் துஷ்டி வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரும். இங்கே எங்களுக்குச் சொந்தம் என்று யார்? நான் அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே காகூ பாத்திரங்களோடு உள்ளே வந்தார். அவர்கள் வழக்கத்திலும் அப்படித்தானாம். கடலை மாவைக் கிளறிச் செய்கிற பிட்லாவும் சோறும்தான் துக்க வீட்டுக்குக் கொடுப்பார்களாம். அதற்குக் கடூ காஸ், கசப்புக் கவளம் என்று பெயர்.

மேஜையில் வைக்காமல் தரையில் பேப்பரை விரித்துத் தட்டுகளை வைத்தார். என் கணவர் சோபாவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. எனக்கு வேண்டாம் என்றார். காகூ அவரை வற்புறுத்தவில்லை. சோற்றையும் பிட்லாவையும் பிசைந்து, ஒரு உருண்டை உருட்டி, எழுந்து போய் அவர் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார். பத்து வயதுப் பையனுக்கு வைக்கிற மாதிரி வைத்தார். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு, மெதுவாக இறங்கி வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தார்.

நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பார். என் பக்கம் திரும்பி, "உப்பே இல்ல" என்றார்.

"என்ன சொல்கிறான்?" என்று காகூ கேட்டார்.

"நன்றாக இருக்கிறது என்கிறார்" என்றேன்.

காகூ தன் விரலால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "பொய் சொல்லாதே. அழுதுகொண்டே கிளறினேன், போட மறந்திருக்கிறேன்" என்றார். எழுந்து சமையலறைக்குள் போய் எங்கள் உப்பு டப்பாவை எடுத்து வந்து, மூன்று தட்டின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து, தனக்கும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.